கிறிஸ்துமஸ் மரம்: வீட்டு அலங்காரமும் கடைச் சரக்கும்

கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய அகல் விளக்கில் மீதியைக் கட்டிப் பரணில் ஏற்றுவதற்குள், "அண்ணாச்சி, ஸ்டார் வந்திருச்சா? மரத்துல சுத்துற ஜிகினா இருக்கா?" என்று கேட்டு வாடிக்கையாளர் வந்து நின்றுவிடுகிறார். பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கத்து வணிகர்களுக்கு இது பழகிய வியாபாரம். மற்ற ஊர்களில் பலசரக்குக் கடை நடத்தும் நம்மில் பலருக்கு அப்படியல்ல. மொத்தக் கடைக்காரர் எதைக் கட்டித் தருகிறாரோ அதை வாங்கி வந்து வாசலில் தொங்க விடுகிறோம். டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கணக்குப் பார்த்தால் விற்றது பாதி, தொங்குவது பாதி.

இதற்கு வாடிக்கையாளரையோ காலத்தையோ குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பொருளை வீட்டில் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்பது நமக்குச் சரியாகத் தெரியாததுதான் காரணம் என்பது எங்கள் அனுபவம். நாலு படி இட்லி அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று கேட்டால் கடைப்பையன்கூடச் சொல்லிவிடுவான். ஐந்தடி மரத்துக்கு எத்தனை அடி ஜிகினா என்று கேட்டால் முதலாளியே விழிக்கிறார். ஆகவே மரம் வைக்கும் வேலையை வீட்டுப் பக்கமிருந்தே பார்த்து, நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எந்த மரம் என்பது. வழக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளியான பிறகு ஆங்கிலேயர் வீடுகளில் அது பரவியது. அங்கெல்லாம் ஊசியிலை மரங்கள். நம் சமவெளியில் அவற்றுக்கு எங்கே போவது? நம் மக்கள் கண்டுபிடித்த மாற்று சவுக்கு. இதுவும் வெளியூர்ச் சரக்குதான். சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் தோப்புத் தோப்பாக நட்டார்கள். பார்ப்பதற்கு ஊசியிலை போல இருந்தாலும் அது இலையே அல்ல. பச்சை நூல் போலத் தொங்குபவை யாவும் மெல்லிய கிளைகள். உண்மையான இலை அந்தக் கணுக்களில் கண்ணுக்குத் தெரியாத செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த விவரம் எதற்கு என்று கேட்கலாம். வியாபாரத்துக்கு வேண்டும். சவுக்குக் கிளை மெல்லியது, கனம் தாங்காது. கண்ணாடிப் பந்தையோ கனமான மணியையோ மாட்டினால் தலை குனிந்துவிடும். சவுக்குக் கிளை வைக்கப்போகிறவர் என்று தெரிந்தால் லேசான பிளாஸ்டிக் பந்து, காகிதத் தோரணம், ரிப்பன் ஆகியவற்றையே எடுத்துக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் வீடுகளில் காலித் தீப்பெட்டியைக் கலர்த் தாளில் சுற்றி, நூல் கட்டிப் பரிசுப் பொட்டலம் போலத் தொங்கவிடுவார்கள். தபாலில் வந்த வாழ்த்து அட்டைகளையும் நூலில் கோத்து மாட்டுவார்கள். காசு இல்லாத குறைக்குச் செய்ததாக இருக்கலாம். ஆனால் சவுக்குக்கு அதைவிடப் பொருத்தமான அலங்காரம் இல்லை. இன்றும் தீப்பெட்டி சுற்றக் கலர்த் தாளும் மெல்லிய ரிப்பனும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களை "அதெல்லாம் இப்ப யாரு வாங்குறா" என்று அனுப்பிவிடாதீர்கள்.

வெட்டிய சவுக்கு நாலைந்து நாளில் காய்ந்து உதிரத் தொடங்கும். வாளியிலோ பெயின்ட் டப்பாவிலோ ஈர மணலைக் கெட்டித்து, அடியில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து நட்டு, தினமும் தண்ணீர் விட்டால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். காய்ந்த சவுக்கு எப்படிப் பற்றும் என்பது விறகடுப்பு எரித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சவுக்கு வைக்கிறவர்கள் 21, 22-ஆம் தேதி வாக்கில் வைப்பதே நல்லது. நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியோடு விற்பது அரகேரியா இனத்துச் செடி. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவிலிருந்து வந்த வகை. உயிர்ச்செடி ஆகையால் ஆண்டுதோறும் உதவும். ஆனால் கிளைகள் அடுக்கடுக்காக, இடைவெளி விட்டு இருக்கும். ஜிகினாவை நெருக்கிச் சுற்ற வராது. அதற்குப் பத்துப் பதினைந்து பந்து, ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான்.

இன்று பெரும்பாலோர் வாங்குவது பி.வி.சி. மரம். இதில் நாம் ஏமாறும் இடம் இரண்டு. பெட்டியில் போட்டிருக்கும் உயரம் ஸ்டாண்டும் உச்சிக் கொழுந்தும் சேர்த்த உயரம். ஐந்தடி என்று வாங்கிப் போனவர், அலங்காரம் செய்ய நாலரை அடிதான் கிடைத்தது என்று திரும்பி வருவார். அடுத்தது கிளை நுனிகளின் எண்ணிக்கை. ஒரே ஐந்தடியில் இரண்டு மரம் இருக்கும்; ஒன்றில் நுனி குறைவு, மற்றதில் அதைவிட ஒன்றரை மடங்கு. விலை வித்தியாசம் அங்கேதான். பல பெட்டிகளில் இந்த எண்ணிக்கை அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் உயரத்தை மட்டும் கேட்டுக் கொள்முதல் செய்தால், "பக்கத்துக் கடையில் இதைவிடக் குறைச்சல்" என்ற பேச்சுக்கு நம்மிடம் பதில் இருக்காது. மாதிரிக்கு ஒரு மரத்தைப் பிரித்துக் கடையில் நிறுத்தி வையுங்கள். நிறுத்தும்போது ஒவ்வொரு கிளையையும் விரித்து, நுனிகளை மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளைத்துவிட வேண்டும். இதற்கு ஒருவர் உட்கார்ந்து அரை மணி நேரமாவது செலவிட்டால்தான் மரம் மரமாகத் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே நிறுத்தினால் மடக்கிய குடைதான்.

இனி அலங்கரிக்கும் வரிசை. விளக்குச் சரம் முதலில், ஜிகினா அடுத்தது, பந்தும் மணியும் அதற்குப் பின், உச்சி நட்சத்திரம் கடைசியில். இதை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். பந்தை மாட்டிவிட்டுச் சரத்தைச் சுற்றப் போனால் பந்து ஒவ்வொன்றாகக் கீழே விழும்.

சரத்தை மரத்தில் ஏற்றுவதற்கு முன் தரையில் விரித்து எரிய வைத்துப் பார்க்க வேண்டும். பிளக் இருக்கும் முனை அடியில், சுவரோரம் இருக்க வேண்டும். அங்கிருந்து மேலே சுற்றிக்கொண்டு போவது எளிது. வெளி நுனிகளில் மட்டும் போடாமல், தண்டை ஒட்டி உள்ளே ஒரு வளைவு, வெளியே ஒரு வளைவு என்று கொண்டு போனால் மரத்துக்கு உள்ளிருந்து வெளிச்சம் வரும்.

ஜிகினாவின் கணக்கு இது. ஐந்தடி உயரம், அடியில் மூன்றடி விட்டம் உள்ள மரம் என்று வைத்துக்கொள்வோம். அடிச்சுற்று ஏறத்தாழ ஒன்பதரை அடி, உச்சியில் ஒன்றுமில்லை. சராசரியாகச் சுற்றுக்கு நாலே முக்கால் அடி. எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் ஏழரைச் சுற்று வரும். பெருக்கினால் முப்பத்தைந்து அடி. இரண்டு மீட்டர் துண்டாக வரும் ஜிகினா மாலை ஆறு வேண்டும். மூன்றடி உயரமும் இரண்டடி விட்டமும் உள்ள மரத்துக்கு அதே கணக்கில் பதினான்கு அடி. இரண்டு துண்டு போதாது, மூன்று. வாடிக்கையாளர் பொதுவாக இரண்டு துண்டு வாங்கிப் போவார், மறுநாள் அதே நிறத்தில் இன்னும் இரண்டு கேட்டு வருவார். அதற்குள் நம்மிடம் அந்த நிறம் தீர்ந்திருக்கும். முதலிலேயே மரத்தின் உயரத்தைக் கேட்டு, தேவையான எண்ணிக்கையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அவருக்கு அலைச்சல் மிச்சம், நமக்கும் துண்டு துண்டாக நிறம் மீறாது. பத்து நிறத்தில் ஒவ்வொரு டஜன் வாங்குவதைவிட, தங்கம், வெள்ளி, சிவப்பு, பச்சை ஆகிய நாலு நிறத்தில் இரண்டரை டஜன் வீதம் வாங்குவது மேல் என்பது இதனால்தான்.

பந்துகளில் பெரியவை அடியிலும் உள்பக்கமும், சிறியவை மேலேயும் வெளி நுனியிலும். ஐந்தடி பி.வி.சி. மரத்துக்கு மூன்று முதல் நாலு டஜன் உருப்படிகள் மாட்டினால் நிறைவாக இருக்கும். எல்லாம் பந்தாக இருக்க வேண்டியதில்லை; மணி, முரசு, குட்டிப் பரிசுப் பெட்டி, தேவதை என்று கலக்கலாம். பந்தோடு வரும் நூல் பெரும்பாலும் நுனியில் நிற்காமல் வழுக்கும். ஒரு கண்டு மெல்லிய கம்பி அல்லது கொக்கிப் பாக்கெட் சேர்த்து வைத்தால் விற்கும். குழந்தையும் பூனையும் உள்ள வீடு என்றால் கீழ்வரிசையில் உடையாத சரக்குதான் மாட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

விளக்குச் சரத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் முதலில் மரத்தில் மெழுகுவர்த்திதான் ஏற்றினார்கள். தீவிபத்துகளும் நேர்ந்தன. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் என்பவர் 1882 டிசம்பரில் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்துக்குச் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் எண்பது சிறு மின்விளக்குகளைக் கையாலேயே கம்பி இணைத்துப் போட்டார். மெழுகுவர்த்திக்கு மாற்று வந்தது அங்கிருந்துதான். ஆனால் மின்சாரம் வந்ததால் ஆபத்து போய்விடவில்லை.

பழைய சீரியல் செட்டில் 230 வோல்ட்டை வரிசையாக உள்ள பல்புகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஆறு வோல்ட் பல்பு என்றால் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைய வேண்டும். ஒன்று போனால் சரமே அணையும். பலர் செத்த பல்பை வெட்டிவிட்டுக் கம்பியை முறுக்கி ஒட்டுவார்கள். பங்காளி ஒருவர் குறைந்தால் மீதிப் பேருக்குப் பங்கு கூடும் அல்லவா? அதுபோல மற்ற பல்புகளுக்கு வோல்ட் ஏறி, சூடும் ஏறும். இப்படி நாலைந்து வெட்டிய சரம் பளிச்சென்று எரியும். அந்தப் பளிச்சைப் பார்த்து மகிழக் கூடாது. இன்னொன்று, "சின்ன பல்புதானே, என்ன செய்துவிடும்" என்ற எண்ணம் தவறு. நேராக வீட்டு பிளக்கில் செருகும் சரத்தில் எந்த இடத்தில் கம்பி வெளியே தெரிந்தாலும் அங்கே வீட்டு மின்சாரத்தின் முழு அடியும் விழலாம். இப்போது வரும் எல்.இ.டி. சரங்களில் பல்பு அவ்வளவு சூடாவதில்லை; ஆனால் நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் டப்பா சூடாகும். கம்பியும் பல சரக்கில் தலைமுடி கனம்தான். மூன்று நாலு சரத்தை ஒன்றன் வாலில் ஒன்றாகச் செருகினால் எல்லாச் சுமையும் முதல் சரத்தின் கம்பியில்தான் ஏறும்.

எல்.இ.டி. வருவதற்கு முந்திய ஓர் ஆண்டில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். வெளியூர் மொத்தக் கடை ஒன்றில், பில் இல்லாமல் எடுத்தால் விலை குறைவு என்றார்கள். நாலு குரோஸ் சீரியல் செட் எடுத்து வந்தோம். பெட்டியில் கம்பெனிப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. வேகமாக விற்றது. எங்கள் மாதக் கணக்கு வாடிக்கையாளரான ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இரண்டு செட் வாங்கினார். மரத்தில் பனி போலத் தூவ வேண்டும் என்று பஞ்சும் இரண்டு ரோல் கேட்டார். கொடுத்தோம். பஞ்சையும் பல்பையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தது எங்கள் கைதான். ஒன்றின்மேல் ஒன்று படக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

23-ஆம் தேதி காலை அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே உருகிய கம்பியும் கருகிய பஞ்சும். "மரத்துக்குப் பக்கத்துலதான் அண்ணாச்சி பேரன் படுத்திருந்தான். வீட்டுக்காரங்க முழிச்சிருந்ததால போச்சு" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், வேண்டாம் என்றார். அந்த மாதக் கணக்கை ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் தீர்த்தார். அடுத்த மாதத்திலிருந்து அவர் சாமான் வாங்கியது வேறு கடையில். மீதிச் சரக்கை மொத்தக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால், "இது எங்க சரக்குங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். பில் இல்லாதவருக்கு என்ன அத்தாட்சி இருக்க முடியும்? சரக்கை நாங்களே உடைத்துப் போட்டோம். அந்த நட்டத்தை இரண்டு பொங்கல் வியாபாரத்தில் எடுத்துவிட்டோம். டீச்சரம்மா இன்றும் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். கடைக்கு வருவதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் பெட்டியில் இல்லாத சரத்தை வாங்குவதில்லை. பில் இல்லாமல் மின்சாமான் எடுப்பதில்லை. விற்கும் ஒவ்வொரு சரத்தையும் வாடிக்கையாளர் எதிரிலேயே பிரித்து எரிய வைத்துக் காட்டுகிறோம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அடாப்டர் வழியாகக் குறைந்த வோல்ட்டில் எரியும் சரத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறோம். பஞ்சு கேட்டால், பல்பையோ டப்பாவையோ தொடாத கிளை நுனிகளில் மட்டும் வையுங்கள், அல்லது மரத்தடியில் பரப்புங்கள் என்று சொல்கிறோம். தூங்கப் போகும்போதும் கோயிலுக்குப் புறப்படும்போதும் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்கிறோம். 24-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனைக்கு வீட்டில் எல்லாரும் போய்விடுவார்கள்; மரம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பி.வி.சி. மரம் சுலபத்தில் பற்றாது என்பது உண்மை. பற்றினால் உருகிச் சொட்டும், கரும்புகை வரும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. சவுக்கைப் பற்றி மேலேயே சொன்னோம். மெழுகுவர்த்தி எந்த மரத்துக்கும் வேண்டாம்.

அடுத்து, கொள்முதல் எப்போது என்பது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலாவது ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். வாசல் நட்சத்திரம் அப்போதிருந்தே போகும். மரச் சாமான் டிசம்பர் 10-க்கு மேல்தான் சூடு பிடிக்கும்; வீட்டுக்குக் கேரல் பாட வருகிறவர்களின் தேதி தெரிந்தால் அதற்கு முன்பே மரத்தை முடித்துவிட வேண்டும் என்று நினைப்பார்கள். உங்கள் பகுதிச் சபைகள் எந்த வாரம் எந்தத் தெருவுக்குப் போகின்றன என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் தேதிக்கு மேல் எந்த மறு கொள்முதலும் வேண்டாம்.

இந்த அலங்காரச் சரக்கில் பெரும்பகுதி சீனாவின் யிவு நகரத்திலிருந்து கப்பலேறி, சென்னையில் பாரிமுனையை ஒட்டிய தெருக்கள் வழியாக நமக்கு வருகிறது. முன்னொரு காலத்தில் இதே இடம் ஜெர்மனியின் லவ்ஷா என்ற மலையூருக்கு இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு கண்ணாடிப் பந்து ஊதினார்கள். அதை அமெரிக்கச் சில்லறைக் கடைக்குக் கொண்டு வந்த கதையில் நமக்கு ஒரு சுவாரசியம் உண்டு. ஐந்து காசு, பத்துக் காசுக் கடை என்று பெயர் வாங்கிய உல்வொர்த், 1880-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் சின்னக் கடை வைத்திருந்தார். இறக்குமதியாளர் ஒருவர் இந்தக் கண்ணாடிப் பந்துகளைக் காட்டினார். இதை எவன் வாங்குவான், வழியிலேயே பாதி உடையும் என்று உல்வொர்த் மறுத்தார். விற்காவிட்டால் நான் பொறுப்பு என்று இறக்குமதியாளர் உறுதி சொன்ன பிறகே 25 டாலருக்குச் சரக்கு எடுத்தார். இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது என்று அவரே பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். பத்தாண்டுக்குள் அவரே லவ்ஷாவுக்குப் போய்க் கொள்முதல் செய்யும் நிலைக்கு வளர்ந்தார்.

எல்லாரும் உல்வொர்த் ஆகிவிட முடியாது. ஆனால் அந்த முதல் பேரத்தைப் பாருங்கள். தெரியாத சரக்கு, சிறு தொகை, விற்காததற்கு எதிரி பொறுப்பு. நம் மொத்த வியாபாரிகளிடமும் இதைக் கேட்கலாம். உடையாத, பிரிக்காத பெட்டிகளை 27-ஆம் தேதிக்குள் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று பில்லிலேயே எழுதி வாங்கலாம். சிலர் மறுப்பார்கள். பழக்கமுள்ளவர்கள் பாதிக்காவது ஒப்புக்கொள்வார்கள். கேட்காதவருக்கு அதுவும் கிடையாது.

பலசரக்குக் கடைக்காரர் என்ற முறையில் நமக்கென்று உள்ள சரக்கையும் மறந்துவிடுகிறோம். மரத்தடியில் குடில் வைக்கிறவர்கள் புல்தரைக்காகத் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ முளைக்கப் போடுவார்கள். பத்து நாளில் பச்சைப் பசேலென்று வரும். டிசம்பர் 12, 13 தேதிகளில் நல்ல முளைப்புத் திறனுள்ள கேழ்வரகைக் கால் கிலோ பொட்டலமாகக் கட்டி, "குடிலுக்கு" என்று எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பழைய இருப்பைத் தள்ளிவிடாதீர்கள். முளைக்காத கேழ்வரகு விற்ற கடை என்ற பெயர் அடுத்த டிசம்பர் வரை நிற்கும். கூடவே கேக்குக்கு வேண்டிய திராட்சை, முந்திரி, பட்டை, கிராம்பும் ஒரே பார்வையில் படும்படி இருக்கட்டும்.

மரம் வீடுகளில் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நிற்கும். ஆகவே 26-ஆம் தேதியே எல்லாவற்றையும் இறக்கிக் கட்ட வேண்டாம். போன பல்புக்கு மாற்றுச் சரம், புத்தாண்டுக்கு நட்சத்திரம் என்று கொஞ்சம் போகும். அதன் பிறகு மிஞ்சியதைப் பத்திரப்படுத்துங்கள். பிளாஸ்டிக் பந்தின் பூச்சு தகரக் கொட்டகைச் சூட்டில் உரியும். ஆகையால் தகரத்துக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். ஜிகினாவை மடித்தால் இழை உடையும், அட்டையில் சுற்றி வைக்க வேண்டும். விளக்குச் சரத்தை எலி கடித்தால் அதைத் திரும்ப விற்கவே கூடாது. மூடியுள்ள டின்னில் போடுங்கள். எந்த நிறத்தில் எத்தனை இருப்பு என்று ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள்ளேயே மேலாக வைத்துக் கட்டிவிட்டால், அடுத்த நவம்பரில் பாரிமுனைக்குப் புறப்படும்முன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.